குழாய்வழி அமைப்பில் பற்றவைப்புத் தரமும் பாதுகாப்பு ஆய்வும்

எண்ணெயும் இயற்கை வாயுவும் கிடைக்கும் இடம் ஒன்று. அவை தேவைப்படும் இடம் மற்றொன்று. இவ்விரண்டையும் சிக்கனமாக இணைக்கும் சாதனம் குழாய்வழியே ஆகும். அஸ்ஸாமின் நாஹர்கட்டியா வயல்களிலிருந்து பீகாரின் பரௌனி வரை 1,157 கி.மீ. நீளத்திற்கு 1960-களின் முற்பகுதியில் அமைக்கப்பட்ட கச்சா எண்ணெய்க் குழாய்வழி இத்துறையில் நம் நாட்டின் முதற்பெரு முயற்சி எனலாம். 1980-களில் ஹஜீரா–பிஜய்ப்பூர்–ஜகதீஷ்பூர் வாயுக் குழாய்வழி மேற்குக் கடற்கரையை உத்தரப் பிரதேசத்தின் உர ஆலைகளுடன் இணைத்தது. இன்று இயற்கை வாயுக் குழாய்வழிகளின் நீளம் மட்டுமே ஏறத்தாழ 25,000 கி.மீ. அளவை எட்டியுள்ளது. இவை வயல்களின் அடியிலும் சாலைகளின் ஓரத்திலும் ஊர்களின் அருகிலும் செல்கின்றன. எனவே இவற்றின் பாதுகாப்பு, நிறுவனங்களின் கவலை மட்டுமன்று. பொதுமக்களின் உயிர் பற்றிய பிரச்சினையும் ஆகும்.

இணைப்புகளின் எண்ணிக்கை

குழாய் ஒன்றின் நீளம் பொதுவாக 12 மீட்டர். ஆகவே ஒரு கிலோமீட்டருக்கு எண்பதுக்கும் மேற்பட்ட இணைப்புகளும், ஆயிரம் கிலோமீட்டருக்கு எண்பதாயிரத்திற்கும் மேற்பட்ட இணைப்புகளும் தேவைப்படுகின்றன. குழாய் ஆலையில் உற்பத்தியாகி, அங்கேயே சோதிக்கப்பட்டு வருகிறது. ஆனால் இணைப்போ வெயிலிலும் காற்றிலும் புழுதியிலும், திறந்த வெளியில், மனிதக் கையால் உருவாகிறது. பின்னர் அது மண்ணுக்கடியில் ஒரு மீட்டர் ஆழத்தில் பல பத்தாண்டுகள் மறைந்து கிடக்கும். புதைப்பதற்கு முன்னுள்ள சில நாட்களே அதனை நேரில் பார்த்து ஆராயக் கிடைக்கும் வாய்ப்பாகும்.

அந்த வாய்ப்பைத் தவறவிட்டால் நேரக்கூடியது யாது என்பதற்கு அமெரிக்காவின் சான் புரூனோ நகர விபத்து ஒரு சான்று. 2010 செப்டம்பர் 9 அன்று அங்கு 30 அங்குல வாயுக் குழாய் வெடித்து எட்டுப் பேர் உயிரிழந்தனர். உடைந்த பகுதி 1956-இல் பதிக்கப்பட்டது; அதன் நீளவாட்டுப் பற்றவைப்பு உட்புறம் முழுமை பெறவில்லை. நிறுவனத்தின் பதிவேட்டிலோ அது தையலற்ற குழாய் என்று குறிக்கப்பட்டிருந்தது. கட்டுமானத்தின்போது எளிதில் கண்டிருக்கக்கூடிய குறை 54 ஆண்டுகள் பொறுத்திருந்து உயிர்களைப் பறித்தது. பற்றவைப்பின் தரம், பதிவேட்டின் உண்மை ஆகிய இரண்டும் சம முக்கியத்துவம் உடையவை என்பதே இதன் பாடம்.

சட்டமும் அமைப்புகளும்

நம் நாட்டில் இத்துறையை நெறிப்படுத்தும் அமைப்புகள் பல. பெட்ரோலிய அமைச்சகத்தின் கீழ் 1986-இல் நிறுவப்பட்ட எண்ணெய்த் தொழில் பாதுகாப்பு இயக்ககம் தொழில்நுட்பத் தரங்களை வகுப்பதுடன், குழாய்வழி இயங்கத் தொடங்கும் முன் பாதுகாப்புத் தணிக்கையும் செய்கிறது. 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த பெட்ரோலியம் மற்றும் இயற்கை வாயு ஒழுங்குமுறை வாரியம், இயற்கை வாயுக் குழாய்வழிகளுக்கான தொழில்நுட்ப, பாதுகாப்புத் தரங்களை 2009-இல் சட்டபூர்வ விதிகளாக்கியது. திரவ எரிபொருள் குழாய்வழிகளுக்கு 2002-ஆம் ஆண்டுப் பெட்ரோலியம் விதிகளும் பொருந்தும். ஊடுகதிர்ச் சாதனங்களைப் பயன்படுத்த அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி வேண்டும்.

பணியிடத்தில் ஆய்வு பல படிகளாக நடைபெறுகிறது. முதற்படி ஒப்பந்தக்காரரின் சொந்தத் தரக் கட்டுப்பாடு. அடுத்தது உரிமையாளரும் அவருடைய ஆலோசனை நிறுவனமும் செய்யும் மேற்பார்வை. மூன்றாவது, இவ்விரு தரப்பையும் சாராத வெளி ஆய்வு நிறுவனம். ஒழுங்குமுறை அமைப்பு இவை அனைத்திற்கும் மேல் நின்று, ஒவ்வொரு படியும் உண்மையில் நடந்ததா என்று சோதிக்கிறது. அது ஒவ்வோர் இணைப்பையும் தானே ஆராய்வதில்லை. ஆராய வேண்டியவர்கள் ஆராய்ந்தார்களா என்பதையே ஆராய்கிறது.

பற்றவைப்புக்கு முன்

ஆய்வு பற்றவைப்பு முடிந்தபின் தொடங்குவதன்று. எந்த எஃகு, எந்த மின்வாய், எத்தனை ஆம்பியர், எவ்வளவு முன்சூடு என்பவற்றை வரையறுக்கும் செயல்முறை முதலில் எழுதப்பட வேண்டும். அம்முறையில் மாதிரி இணைப்பு ஒன்றைச் செய்து, அதனை வெட்டி, இழுத்தும் வளைத்தும் உடைத்தும் சோதித்த பின்னரே முறை ஏற்கப்படும். பின்னர் ஒவ்வொரு பற்றவைப்பாளரும் (வெல்டரும்) தம் திறனை நிரூபிக்க வேண்டும். தேர்ச்சி பெற்றவருக்கு ஓர் அடையாள எண் உண்டு. அவர் செய்யும் இணைப்புகளின் அருகே அது குறிக்கப்படும். உலகெங்கும் பின்பற்றப்படும் ஏ.பி.ஐ. 1104 என்னும் தரம் இவ்வொழுங்கை விரிவாகக் கூறுகிறது.

குறைகளும் அவற்றைக் காணும் முறைகளும்

பற்றவைப்பு பல அடுக்குகளாக இடப்படுகிறது. இவற்றுள் முதலில் இடப்படும் வேரடுக்கே மிக நுட்பமானது. குழாய் முனைகள் நேராகப் பொருந்தாவிடில் உலோகம் அடிவரை ஊடுருவாது. மின்னோட்டம் மிகுந்தால் குழாய்ச் சுவர் உருகித் துளைபடும். அடுக்குகளுக்கிடையே கசடு தங்குதல், வாயுக் குமிழ்கள் அடைபடுதல், பக்கச் சுவருடன் உலோகம் ஒன்றாமை, விரிசல் ஆகியன ஏனைய குறைகள். இவற்றுள் கொடியது விரிசலே. ஈரம் அல்லது மின்வாயின் பூச்சிலிருந்து வரும் ஹைட்ரஜன், விரைவில் குளிர்ந்து கடினமான எஃகில் சிக்கினால், பற்றவைத்துச் சில மணி நேரமோ அதற்கு மேலோ கழிந்த பின்னரும் விரிசல் தோன்றலாம். முன்சூடு வற்புறுத்தப்படுவது இதனாலேயே.

கண்ணால் பார்த்தல் முதற் சோதனை. அடுத்தது ஊடுகதிர்ப் படம். எக்ஸ் கதிராலோ இரிடியம்–192 என்னும் கதிரியக்கப் பொருளாலோ இணைப்பின் உட்புறம் படம் பிடிக்கப்படுகிறது. படத்தின் தரத்தை அளக்க மெல்லிய கம்பிகள் கொண்ட ஓர் அளவுகோல் இணைப்பின்மீது வைக்கப்படும். உரிய கம்பி படத்தில் தெரியாவிடில் அந்தப் படமே ஏற்கப்படாது. குறைக்கும் வரம்பு உண்டு. எடுத்துக்காட்டாக, அடிவரை ஊடுருவாத பகுதி தனித்து 25 மி.மீ. நீளத்தைத் தாண்டினால் இணைப்பு ஏற்கத்தக்கதன்று. ஊடுகதிர்ப் படம் குமிழையும் கசடையும் நன்கு காட்டும்; கதிரின் திசைக்குச் சாய்வாக உள்ள மெல்லிய விரிசலையும் ஒன்றாமையையும் அது தவறவிடக்கூடும். அவற்றைக் காண மீயொலிச் சோதனை ஏற்றது.

அமெரிக்கத் தரம் வாயுக் குழாய்வழியில் மக்கள் குறைந்த பகுதிக்கு இணைப்புகளில் குறைந்தது 10 விழுக்காட்டையும், அடுக்குமாடிகள் நிறைந்த பகுதிக்கு 75 விழுக்காட்டையும் சோதிக்கக் கோருகிறது. நம் நாட்டு விதிகளோ எல்லாச் சுற்றிணைப்புகளையும் சோதிக்கக் கோருகின்றன. மக்கள் நெருக்கம் மிகுந்த நம் நாட்டுக்கு இது தக்கதே.

நீரழுத்தச் சோதனை

பதித்த குழாயில் நீரை நிரப்பி, இயங்கவிருக்கும் உச்ச அழுத்தத்தின் குறைந்தது 1.25 மடங்கு அழுத்தத்தை 24 மணி நேரம் நிலைநிறுத்துவது இறுதிச் சோதனை. இது பெருங்குறைகளை வெளிப்படுத்தும். சிறு விரிசல் இதில் தப்பி, பின்னாளில் அழுத்த மாறுதல்களால் வளரலாம். ஆதலால் இது ஏனைய ஆய்வுகளுக்கு ஈடாகாது. சோதித்த இரு பகுதிகளை இறுதியாக இணைக்கும் 'தங்க இணைப்பு' இச்சோதனைக்கு உட்படாது. அதற்கு ஊடுகதிர், மீயொலி ஆகிய இரு சோதனைகளும் செய்யப்படுகின்றன.

பணியாளர் பாதுகாப்பு

பள்ளச் சரிவு, தூக்கிய குழாய் நழுவுதல், சோதனையின்போது மூடி தெறித்தல், கதிர்வீச்சு ஆகியன கட்டுமானத்தின் முக்கிய ஆபத்துகள். ஊடுகதிர்ப் படம் எடுக்கும் இடத்தைக் கயிறு கட்டி அடைத்தல், கதிர்மூலம் பெட்டிக்குள் திரும்பியதை அளவுமானியால் உறுதிசெய்தல், சோதனைக் காலத்தில் குழாயருகே எவரையும் விடாமை ஆகியவற்றை ஆய்வாளர் நேரில் காண வேண்டும்.

ஆய்வாளரின் பொறுப்பு

மழைக்காலத்திற்குள் பணியை முடிக்கும் அவசரம் எங்கும் உண்டு. அவ்வேளையில், நல்ல இணைப்பு ஒன்றின் படத்தையே வேறு எண்ணிட்டு மற்றோர் இணைப்பின் படமாகக் காட்டும் முறைகேட்டுக்கு இடமுண்டு. பற்றவைப்பின் மேடு பள்ளங்கள் கைரேகை போல் இணைப்புக்கு இணைப்பு வேறுபடும். படங்களை அருகருகே வைத்து ஒப்பிடும் ஆய்வாளர் இதனைக் கண்டுபிடித்துவிடலாம். சில இணைப்புகளை முன்னறிவிப்பின்றித் தேர்ந்து மறுபடம் எடுப்பதும் பயன்தரும். ஆனால் கண்டறிந்த குறைக்காகப் பணியை நிறுத்திவைக்கும் அதிகாரமும், அதனைப் பயன்படுத்தும் துணிவும் இல்லாவிடில் ஆய்வு வெறும் சடங்காகிவிடும்.

கட்டுமான ஆய்வு எல்லாவற்றையும் தீர்த்துவிடாது என்பதையும் மறத்தல் கூடாது. ஆந்திரத்தின் நகரம் என்னும் சிற்றூரில் 2014 ஜூன் 27 அன்று வாயுக் குழாய் வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதற்குக் காரணம், ஈரம் கலந்த வாயுவால் உட்புறத்தே நேர்ந்த அரிமானம். இயக்கக் காலக் கண்காணிப்பும் தொடர வேண்டும் என்பதை அது உணர்த்தியது. குழாய்வழி நிலத்தின்மீது கட்டடமோ கிணறோ எழுப்பலாகாது என்று 1962-ஆம் ஆண்டு நிலப் பயன்பாட்டு உரிமைச் சட்டம் விதிக்கிறது. இதனைக் காப்பதில் மாவட்ட அதிகாரிகளுக்கும் பங்குண்டு.

குழாய்வழி செல்லும் நிலத்தின் உழவர், தம் காலடியில் இருக்கும் இணைப்பைப் பார்க்க இயலாது. அவருக்காக அதனைப் பார்த்தவர் ஆய்வாளர் ஒருவரே. அவருடைய கையொப்பம் உண்மையானதாக இருத்தல் வேண்டும். அந்த இணைப்பின் எண்ணும், படமும், பற்றவைத்தவரின் அடையாளமும் குழாய் பயன்பாட்டில் உள்ளவரை பாதுகாக்கப்படுதலும் வேண்டும். விதிகள் எத்துணைச் சிறந்தவையாயினும், அவற்றின் பயன் இவ்விரண்டையும் பொறுத்தே அமையும்.