பட்டறை ஏன் இருட்டா இருக்கு?

சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கம் ஒரு கொல்லுப்பட்டறைக்குள்ள போய்ப் பாருங்க. மட்ட மத்தியானத்துலயும் உள்ள அரையிருட்டுதான். வசதி இல்லாததால மட்டும்னு நினைக்காதீங்க. கொல்லருக்கு அந்த இருட்டுதான் தெர்மாமீட்டர்.

அரிவாள் அடிக்க அவர் எடுக்கறது பெரும்பாலும் பழைய லாரி ஸ்பிரிங் பட்டை. அதுல சுமார் 0.6 சதவீதம் கார்பன் இருக்கு. கட்டடக் கம்பியில அதுல பாதிகூட இருக்காது, அதனால கம்பியில அடிச்ச அரிவாளுக்குக் கூர் நிக்காது.

மெட்டலர்ஜி பேப்பர்ல 727 டிகிரின்னு ஒரு கோடு போடுவோமே, அதைத் தாண்டினாதான் எஃகு ஆஸ்டெனைட்டா மாற ஆரம்பிக்கும். கொல்லர் அதை நிறத்துல படிக்கிறார். 500 டிகிரியில இருட்டுல மங்கலா சிவக்கிற இரும்பு, வெயில்ல கறுப்பாவே தெரியும். வெளிச்சத்துல வேலை செஞ்சா நிறம் ஏமாத்தும், சூடு மீறும், உள்ளே மணி பெருத்து அரிவாள் உடையும்.

சரியான சிவப்பு வந்ததும் வாய்ப்பக்கத்தை மட்டும் தண்ணியில தோய்ப்பார். அங்க மார்ட்டென்சைட் உருவாகும். கடினம்தான், ஆனா கண்ணாடி மாதிரி, கல்லுல பட்டா சில்லு தெறிக்கும். முதுகுல மிச்சமிருக்கிற சூடு மெதுவா வாய்க்கு இறங்கும். செங்கல்லுல தேய்ச்சுப் பளபளப்பாக்கிட்டுப் பார்த்தா வைக்கோல் மஞ்சள், பழுப்பு, ஊதா, நீலம்னு நிறம் ஓடும். மஞ்சள் சுமார் 230 டிகிரி, நீலம் சுமார் 300. வேணுங்கிற நிறத்துல முழுசா முக்கிடுவார். நாம ரெண்டு ஃபர்னஸ்ல செய்யற ஹார்டனிங், டெம்பரிங் ரெண்டையும் ஒரே சூட்டுல முடிச்சிடறார்.

(பக்கத்துப் பரங்கிப்பேட்டையில 1830-ல ஹீத்னு ஒரு ஆங்கிலேயர் பெரிய இரும்பாலையே தொடங்கினார். அது எப்பவோ மூடியாச்சு. சின்ன உலைதான் மிச்சம்.)

அதுவும் எவ்வளவு நாளைக்குன்னு தெரியல. முன்னாடி சம்பா அறுவடைக்கு முன்ன கருக்கரிவாளுக்குப் பல் வெட்ட ஆளுங்க வரிசையில நிப்பாங்க. இப்போ வயலுக்குள்ள அறுவடை மெஷின் இறங்கிடுது. நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு வெட்டற கத்தி, அப்புறம் மண்வெட்டி, கடப்பாரை முனைன்னு கொஞ்சம் வேலை ஓடுது. இந்த நிறக் கணக்கு எந்த நோட்டுலயும் இல்ல, பக்கத்துல நின்னு சம்மட்டி அடிக்கிறவன் கண்ணால கத்துக்கிட்டாதான் உண்டு.

உங்க லேப்ல ராக்வெல் மெஷின் சும்மாதானே நிக்குது? ஊர்க் கொல்லர்கிட்ட ஒரு அரிவாள் வாங்கி, வாயிலயும் முதுகுலயும் தனித்தனியா அளந்து பாருங்க.