குரலுக்கு நாம் செய்யும் கொடுமைகள்

நவராத்திரி வந்தால் மைசூரில் நம் தமிழ்க் குடும்பங்களில் கொலுப் பாட்டு களை கட்டும். நாள் தவறாமல் பாடி, விஜயதசமியன்று பல குழந்தைகளுக்குத் தொண்டை கட்டியிருக்கும். பழி ஐஸ்கிரீம் மேல் விழும்! பல வருடங்களாகப் பாட்டு சொல்லிக் கொடுப்பவள் என்ற முறையில் சொல்கிறேன், காரணம் பெரும்பாலும் வேறு.

நம் குரல்வளையில் இரண்டு சிறு மடிப்புகள் உள்ளன. பேசும்போது அவை ஆண்களுக்கு நொடிக்குச் சுமார் 120 தடவையும், பெண்களுக்குச் சுமார் 200 தடவையும் ஒன்றோடொன்று மோதுகின்றன. மேல் ஸ்தாயியில் இன்னும் அதிகம். கத்தினால் மோதல் பலமாகி மடிப்புகள் வீங்கும். அதுவே பழக்கமானால் கையில் காய்ப்புக் காய்ப்பது போல முடிச்சு விழும், குரல் கரகரக்கும்.

முதல் கொடுமை, பொருந்தாத சுருதி. பிரபல வித்வானின் சுருதியிலேயே குழந்தையும் பாட வேண்டும் என்று வற்புறுத்தக் கூடாது. குரல் உடையும் வயதுப் பையன்களுக்குச் சுருதியைத் தாழ்த்தியே ஆக வேண்டும்.

மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டுமென்று உச்சக் குரலில் பாடினார்கள். நம் மைசூர் சௌடய்யா, பெரிய சபைகளில் நாதம் எட்ட வேண்டும் என்றுதான் 1927ல் ஏழு தந்தி வயலினை உருவாக்கினார். வயலினுக்குத் தந்தி கூட்டலாம், தொண்டைக்கு முடியுமா? இன்று மைக் இருக்கும்போது கத்துவானேன்?

பாடாத நேரத்திலும் கவனம் தேவை. ஓயாமல் தொண்டையைக் கனைப்பது, மிக்ஸி சத்தத்துக்கு மேல் பேசுவது, சளியோடு பாடுவது, புகை பிடிப்பது, இரவு வயிறு நிறையச் சாப்பிட்டு உடனே படுப்பது எல்லாமே கெடுதல். தொண்டை கட்டினால் கிசுகிசுப்பதும் கூடாது, மௌனமே மருந்து.

பனங்கற்கண்டும் தேனும் தொண்டைக்கு இதம் தரும். ஆனால் விழுங்குவது உணவுக் குழாய்க்குள் போகிறது. குரல் மடிப்பைத் தொடுவதில்லை. நாள் முழுவதும் தண்ணீர் குடிப்பதும், ஆவி பிடிப்பதும் மடிப்புகள் வறளாமல் காக்கும்.

மூன்று வாரத்துக்கு மேல் கரகரப்பு நீடித்தால் கை வைத்தியத்தை நிறுத்திவிட்டு காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள். மானசகங்கோத்ரியில் 1965ல் தொடங்கிய அகில இந்திய பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனம் நம் ஊரிலேயே இருக்கிறது. குரல் கோளாறுகளுக்கு அங்கே பரிசோதனையும் பயிற்சியும் உண்டு. ஆரம்பத்தில் கவனித்தால் பல முடிச்சுகள் ஓய்வாலும் பயிற்சியாலுமே கரையும். அடுத்த கொலுவுக்குள் வீட்டுப் பாடகர்களின் சுருதியை ஒருமுறை சரி பாருங்களேன்!