ஒரு கணினி, பல அடுக்குகள்: சம்பள நாள் சொல்லித் தந்த பாடம்

மாதக் கடைசி வாரம், வியாழக்கிழமை காலை. பத்து காவான் தொழிற்பேட்டையில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையின் கார் நிறுத்துமிடத்தில் இறங்கக்கூட இல்லை, கைப்பேசி அலறியது. கணக்குப் பிரிவு அக்கா.

"தம்பி, சம்பளப் பட்டியல் திறக்கவே மாட்டேங்குது. நேத்து ராத்திரி கம்ப்யூட்டர்ல ஏதாச்சும் மாத்துனீங்களா?"

மாற்றியிருந்தோம். பொறியாளர்கள் கேட்ட ஒரு புதிய மென்பொருளுக்கு ஜாவாவின் புதிய பதிப்பு தேவைப்பட்டது. எல்லாக் கணினிகளுக்கும் ஒரே இரவில் அதை அனுப்பிவிட்டு, பழைய பதிப்பை அழித்துவிட்டோம். அந்தப் பழைய பதிப்பை நம்பித்தான் சம்பள மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தது என்பது எங்கள் பட்டியலில் இல்லை. அதை எழுதிக் கொடுத்த நிறுவனம் எப்போதோ கடையை மூடிவிட்டது. வங்கிக்குக் கோப்பு போய்ச் சேர வேண்டிய நேரம் மாலை 3 மணி. 800க்கும் மேற்பட்ட தொழிலாளர்களின் சம்பளம் அதில் இருந்தது.

நம் வேலைவாய்ப்புச் சட்டப்படி, சம்பளக் காலம் முடிந்த 7 நாட்களுக்குள் சம்பளம் தரப்பட வேண்டும். ஆனால் இரவு ஷிப்ட் முடித்துவிட்டு ஏ.டி.எம். முன்னால் நிற்கும் ஓப்பரேட்டருக்குச் சட்டம் தரும் 7 நாள் எதற்கு? வீட்டு வாடகையும் பிள்ளையின் பள்ளிப் பேருந்துக் காசும் நாளைக்கே கட்ட வேண்டும்.

அன்று எங்களைக் காப்பாற்றியது தொழில்நுட்பம் அல்ல, சோம்பேறித்தனம். தூக்கிப்போட வேண்டிய பழைய கணினி ஒன்று பொருள் அறையில் தூசி படிந்து கிடந்தது. அதில் பழைய ஜாவா அப்படியே இருந்தது. மதியம் 2.40க்குக் கோப்பு வங்கிக்குப் போனது. அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கும் அன்று சாப்பாடு இறங்கவில்லை.

வாழை இலையும் டிபன் கேரியரும்

இந்தச் சிக்கலை விளக்க, எங்கள் மேலாளரிடம் நான் சொன்ன உதாரணத்தையே இங்கும் சொல்கிறேன். வழக்கமாக ஒரு கணினியில் மென்பொருள் ஏற்றுவது வாழை இலையில் பரிமாறுவது போன்றது. சோறு, பொரியல், பாயசம் எல்லாம் ஒரே இலையில். ரசத்தைக் கொஞ்சம் அதிகமாக ஊற்றிவிட்டால் அது ஓடிப்போய்ப் பாயசத்தைத் தொடும். கணினியிலும் அப்படித்தான். ஒவ்வொரு மென்பொருளும் தன் கோப்புகளைப் பொதுவான இடங்களில் போடுகிறது. விண்டோஸின் பதிவேட்டில் தன் அமைப்புகளை எழுதுகிறது. ஒன்று போட்டதை இன்னொன்று மாற்றினால், முதலாவது படுத்துவிடும்.

இதற்கு மாற்று டிபன் கேரியர். அடுக்கு அடுக்காகத் தனித்தனிக் கிண்ணம். தூக்கிச் செல்வது ஒரே கேரியர்தான். ஆனால் குழம்பு தயிரோடு கலக்காது. செயலி மெய்நிகராக்கம் என்பது இதுதான். மென்பொருளை அதற்கு வேண்டிய கோப்புகளோடும் அமைப்புகளோடும் ஒரே பொட்டலமாகக் கட்டிக் கணினிக்குக் கொடுக்கிறோம். "என் பழைய ஜாவா எங்கே?" என்று சம்பள மென்பொருள் கேட்டால், இடையில் இருக்கும் ஓர் அடுக்கு அந்தக் கேள்வியைப் பிடித்து, பொட்டலத்துக்குள் இருப்பதை எடுத்துக் கொடுக்கும். பக்கத்தில் ஓடும் பொறியாளரின் மென்பொருளுக்கு அந்தப் பழைய ஜாவா கண்ணிலேயே படாது.

பொட்டலம் கட்டும் முறையும் எளிது. வேறு எதுவும் ஏற்றப்படாத சுத்தமான கணினி ஒன்றை எடுத்துக்கொள்கிறோம். பதிவு செய்யும் கருவியை ஓடவிட்டு, மென்பொருளை வழக்கம்போல் ஏற்றுகிறோம். எந்தக் கோப்பு எங்கே விழுந்தது, பதிவேட்டில் என்ன மாறியது என்பதையெல்லாம் கருவி குறித்துக்கொண்டு கட்டிவிடுகிறது. பயனருக்குத் திரையில் வழக்கமான படக்குறிதான் தெரியும். வேண்டாம் என்றால் பொட்டலத்தை எடுத்துவிடலாம். கணினியில் குப்பை சேராது.

இதில் முன்னோடியாக இருந்தது அமெரிக்காவின் சாப்ட்ரிசிட்டி என்ற நிறுவனத்தின் சாப்ட்கிரிட். மைக்ரோசாப்ட் அதை 2006இல் வாங்கி, பிறகு ஆப்-வி என்று பெயர் மாற்றியது. 2016இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, பெரிய நிறுவனங்களுக்கான விண்டோஸிலேயே அதன் பயனர் பகுதி சேர்ந்து வருகிறது. முன்பு வி.எம்.வேர் நிறுவனத்திடம் இருந்த தின்ஆப் இதே வேலையைச் செய்யும் இன்னொரு கருவி.

1972: இரண்டு கதைகள்

டிபன் கேரியர் போதாத இடங்களும் உண்டு. சில மென்பொருள்களுக்குப் பழைய விண்டோஸே வேண்டும். அதற்குத் தனிச் சமையலறையே கட்டிக் கொடுக்க வேண்டும். அதுதான் மெய்நிகர் கணினி: உண்மையான ஒரு கணினிக்குள், தனக்கென்று இயங்குதளம், நினைவகம், வட்டு எல்லாம் இருப்பதாக நினைத்துக்கொண்டு ஓடும் இன்னொரு கணினி.

இது புதிய யோசனை என்று பலர் நினைக்கிறார்கள். ஐ.பி.எம். நிறுவனம் தன் பெரிய கணினிகளுக்கான வி.எம்./370 என்ற மென்பொருளை அறிவித்தது 1972 ஆகஸ்டில். விலை உயர்ந்த ஒரே இயந்திரத்தைப் பலருக்குப் பங்கு போட்டு, ஒவ்வொருவருக்கும் தனிக் கணினி கிடைத்ததுபோல் காட்டியது அது.

அதே 1972தான் நம் பினாங்கின் தலையெழுத்து மாறிய ஆண்டும். அன்றைய முதலமைச்சர் துன் லிம் சோங் இயூ காலத்தில் பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிப வலயம் தொடங்கியது. இன்டெல் தன் முதல் வெளிநாட்டுத் தொழிற்சாலையைத் திறந்தது அந்த ஆண்டில்தான். ஏ.எம்.டி., ஹியூலட்-பேக்கர்ட், ஹிட்டாச்சி உள்ளிட்ட முதல் எட்டு நிறுவனங்களை 'எட்டு சாமுராய்கள்' என்று இன்றும் சொல்வார்கள். அந்த ஆலைகளின் வரிசைகளில் உட்கார்ந்து சில்லு கோத்த பெண்களில் நம் தோட்டத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள்.

தீவில் இடம் சுருங்கியதும் தொழில் கடலைத் தாண்டியது. கரும்பும் பிறகு செம்பனையும் விளைந்த பத்து காவானில், 2014 மார்ச் 1ஆம் தேதி இரண்டாவது பாலம் திறக்கப்பட்டது. பத்து மாவுங்குடன் நம்மை இணைக்கும் 24 கிலோமீட்டர். அதற்குப் பிறகு மைக்ரான், லாம் ரிசர்ச், போஷ் என்று பெரிய பெயர்கள் வரிசையாக வந்தன. தாத்தாக்கள் அரிவாளோடு நடந்த மண்ணில் பேரப்பிள்ளைகள் மடிக்கணினியோடு நடக்கிறார்கள்.

மெய்நிகர் கணினியும் பெரிய இயந்திரங்களிலிருந்து மேசைக்கு இறங்கி வந்தது. வி.எம்.வேர் 1998இல் தொடங்கப்பட்டு, அடுத்த ஆண்டே சாதாரணக் கணினியில் ஓடும் முதல் தயாரிப்பை வெளியிட்டது. 2005இல் இன்டெல் தன் செயலிச் சில்லுகளிலேயே மெய்நிகராக்கத்துக்கான வசதியைச் சேர்த்தது.

பழைய இயந்திரத்தின் பிரச்சினை

அலுவலகக் கணினியைவிடத் தொழிற்சாலைத் தளத்தில் இது இன்னும் பெரிய தலைவலி. சோதனை இயந்திரம் ஒன்றை வாங்கினால் 15, 20 ஆண்டுகள் ஓட்டுவோம். அதோடு வந்த கணினியில் விண்டோஸ் எக்ஸ்.பி. இருக்கும். மைக்ரோசாப்ட் எக்ஸ்.பி.க்கு ஆதரவை நிறுத்தியது 2014 ஏப்ரல் 8. விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14. இயந்திரம் நன்றாக இருக்கிறது. அதன் மூளைக்குத்தான் வயதாகிவிட்டது.

இதில் அலட்சியமாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தைவானின் டி.எஸ்.எம்.சி. சாட்சி. உலகின் மிகப் பெரிய சில்லு ஒப்பந்த உற்பத்தியாளர். 2018 ஆகஸ்டில், புதிய இயந்திரம் ஒன்றுக்கு மென்பொருள் ஏற்றும்போது வான்னாகிரை நச்சுநிரலின் ஒரு வகை உள்ளே நுழைந்தது. வலையமைப்பு வழியாக மற்ற இயந்திரங்களுக்கும் பரவி உற்பத்தி நின்றது. சரக்கு அனுப்புவது தள்ளிப்போனது. வெளியிலிருந்து எவரும் குறிவைத்துத் தாக்கவில்லை. ஏற்றும் முன் சோதிக்க வேண்டிய ஒரு படி தவறியது, அவ்வளவுதான்.

எங்கள் ஆலையில் பழைய இயந்திரங்களை இரண்டாகப் பிரித்தோம். அளவீடுகளைப் படித்து அறிக்கை தயாரிக்கும் மென்பொருள்கள் முதல் வகை. அவற்றைப் பழைய விண்டோஸோடு மெய்நிகர் கணினிக்குள் கொண்டுபோனோம். தவறு நடந்தால் நேற்றைய நிலைக்குச் சில நிமிடங்களில் திரும்பிவிடலாம். இயந்திரத்தோடு சொந்த மின் அட்டை வழியாகப் பேசும் மென்பொருள்கள் இரண்டாவது வகை. அந்த அட்டையை மெய்நிகர் கணினி சரியாக அடையாளம் காணவில்லை. அவற்றைப் பழைய கணினியிலேயே விட்டுவிட்டு, மற்ற வலையமைப்பிலிருந்து பிரித்து வைத்தோம். பென்டிரைவ் செருகும் துளையையும் பூட்டினோம். மெய்நிகராக்கம் எல்லாவற்றுக்கும் மருந்து அல்ல என்று புரிந்தது அங்கேதான்.

தெரிந்துகொள்ள வேண்டிய மூன்று

முதலாவது: டிபன் கேரியர் இரும்புப் பெட்டி அல்ல. செயலி மெய்நிகராக்கம் மென்பொருள்கள் ஒன்றோடு ஒன்று மோதாமல் காக்கும், திருடனிடமிருந்து காக்காது. பொட்டலத்துக்குள் இருக்கும் பழைய மென்பொருளின் ஓட்டைகள் ஓட்டைகளாகவே இருக்கும். பயனரின் கோப்புகளை அது தொடவும் முடியும். பாதுகாப்புக்குத் தனி ஏற்பாடு வேண்டும்.

இரண்டாவது: உரிமம். பொட்டலம் கட்டிவிட்டதால் மென்பொருள் இலவசமாகிவிடாது. 100 பேருக்கு அனுப்பினால் 100 பேருக்கும் உரிமம் வேண்டும். இந்தத் தொழில்நுட்பத்தின் விலையும் நம் கையில் இல்லை. 2023 நவம்பரில் பிராட்காம் நிறுவனம் வி.எம்.வேரை வாங்கியது. அடுத்த மாதமே, ஒருமுறை வாங்கி எப்போதும் பயன்படுத்தும் உரிம விற்பனையை நிறுத்திவிட்டு, சந்தா முறைக்கு மாறியது. அதையே நம்பியிருந்த பல நிறுவனங்கள் மாற்று தேடத் தொடங்கின. ஒரே கடையில் எல்லாவற்றையும் வாங்கினால் கடைக்காரர் சொல்வதுதான் விலை.

மூன்றாவது: எதையும் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பக் கூடாது. 2024 ஜூலை 19ஆம் தேதி கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் அனுப்பிய ஒரே ஒரு தவறான புதுப்பிப்பு, மைக்ரோசாப்டின் கணக்குப்படி 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. உலகெங்கும் விமான நிலையங்களில் மக்கள் வரிசையில் நின்றார்கள். எங்கள் சம்பள நாள் விபத்தும் அதே தவறுதான், அளவில்தான் சிறியது. இப்போது எந்த மாற்றமும் முதலில் எங்கள் பிரிவின் கணினிகளுக்குப் போகும். பிறகு ஒவ்வொரு துறையிலும் ஒருவருக்கு. ஒரு வாரம் கழித்துத்தான் எல்லாருக்கும். பழைய பொட்டலம் பத்திரமாக இருக்கும். வேண்டுமென்றால் உடனே அதற்குத் திரும்பலாம். சம்பள வாரத்தில் எந்த மாற்றமும் கிடையாது.

வீட்டிலேயே கற்கலாம்

வேலை தேடும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. இதைக் கற்கப் பெரிய நிறுவனத்தில் சேரும்வரை காத்திருக்க வேண்டாம். ஆரக்கலின் வெர்சுவல்பாக்ஸ் இலவசம். மடிக்கணினியில் 16 ஜி.பி. நினைவகம் இருந்தால் லினக்ஸ் ஒன்றையும் விண்டோஸ் ஒன்றையும் உள்ளே வைத்து விளையாடலாம். விண்டோஸின் புரோ பதிப்பு இருந்தால் ஹைப்பர்-வி அதிலேயே உண்டு. விண்டோஸ் சாண்ட்பாக்ஸ் என்ற வசதியும் உண்டு. சந்தேகமான மென்பொருளை அதற்குள் ஓட்டிப் பார்த்துவிட்டு மூடினால் எல்லாம் அழிந்துவிடும். பழைய கணினி ஒன்று கிடைத்தால் திறமூல மென்பொருளான புரோக்ஸ்மாக்ஸை ஏற்றி, வீட்டிலேயே சிறிய தரவு மையம் நடத்தலாம். நேர்முகத் தேர்வில் சான்றிதழைக் காட்டுவதோடு, "இதை நானே கட்டினேன், இப்படி உடைந்தது, இப்படிச் சரிசெய்தேன்" என்று சொல்லுங்கள். நான் ஆள் எடுக்கும்போது அதைத்தான் கேட்கிறேன்.

சிறு தொழில் நடத்துபவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. வெர்சுவல்பாக்ஸோடு தனியாக வரும் கூடுதல் தொகுப்பு, சொந்தப் பயன்பாட்டுக்கும் கல்விக்கும் மட்டுமே இலவசம். அலுவலகத்தில் ஏற்றும் முன் நிபந்தனைகளைப் படியுங்கள்.

அக்காவின் பட்டியல்

அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு முதலில் செய்தது பொட்டலம் கட்டுவது அல்ல. கணக்குப் பிரிவு அக்காவிடம் போய் உட்கார்ந்து, "நீங்க என்னென்ன மென்பொருள் பயன்படுத்துறீங்க, எந்தத் தேதியில, எதுக்கு? ஒண்ணொண்ணா சொல்லுங்கக்கா" என்று கேட்டதுதான். பிறகு ஒவ்வொரு பிரிவிலும் அதே கேள்வி. எங்களுக்குத் தெரியாமலே ஓடிக்கொண்டிருந்த மென்பொருள்கள் பல வெளியே வந்தன. அதில் ஒன்று, ஊழியர் சேமநிதிக்குச் சந்தாத் தொகையை அனுப்ப உதவுவது. 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டிய பணம் அது. அடுத்து விழக் காத்திருந்தது அதுவாகத்தான் இருந்திருக்கும்.

சம்பள மென்பொருளைப் பொட்டலமாகக் கட்ட இரண்டு நாள் ஆனது. முதல் முறை அச்சுப்பொறியோடு சண்டை போட்டது. இரண்டாவது முறை சரியானது. அந்தப் பொட்டலம் ஒன்றரை ஆண்டு ஓடியது. அது எங்களுக்கு வாங்கிக் கொடுத்தது நேரம். அந்த நேரத்தில் புதிய சம்பள மென்பொருளைத் தேர்ந்தெடுத்து, மூன்று மாதம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டி, காசுக்குக் காசு சரிபார்த்து மாறினோம். பழையதைக் காலமெல்லாம் டிபன் கேரியரில் வைத்திருக்க முடியாது. எந்தச் சாப்பாடும் ஒருநாள் ஊசிப்போகும்.

பழைய பொட்டலத்தை நீக்கிய அன்று அக்கா கேட்டார்: "தம்பி, அந்தத் தூசி பிடிச்ச கம்ப்யூட்டர் இன்னும் இருக்கா?"

இருக்கிறது. தூக்கிப்போட எனக்கு இன்னும் மனம் வரவில்லை.