பதினாலு வயசுல எதுக்கு இந்த ஊசி?

வீட்டுல பதினாலு வயசுப் பொண்ணு இருந்தா, இன்னிக்கு எபிசோட் உங்களுக்குத்தான்.

2025 மார்ச் பட்ஜெட்ல தமிழ்நாடு அரசு 14 வயசுச் சிறுமிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போட 36 கோடி ரூபாய் ஒதுக்கியது. முதல் கட்ட மாவட்டங்கள்ல நம்ம தருமபுரியும் ஒண்ணு.

எச்.பி.வி. ஒரு வைரஸ். உடலுறவு மூலமா, தோலோட தோல் படுறதால பரவும். ஆணுறை ஓரளவுக்குத்தான் காப்பாத்தும். பெரும்பாலானவங்களுக்கு எப்பவாவது வந்து, ஓரிரு வருஷத்துல தானா போயிடும், வந்ததே தெரியாது. போகாம தங்கிட்டாதான் சிக்கல். பதினஞ்சு, இருபது வருஷம் கழிச்சு அது கருப்பை வாய்ப் புற்றுநோயா மாறலாம். இந்த வைரஸ்ல நிறைய வகை இருக்கு. 16, 18-ங்கிற ரெண்டு வகை மட்டுமே பத்துல ஏழு கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம்.

"கல்யாணமே ஆகாத பொண்ணுக்கு இது எதுக்கு?" இந்தக் கேள்வியில தப்பே இல்ல. பதில் இதுதான்: கிருமி வர்றதுக்கு முன்னாடி போட்டாத்தான் ஊசி முழுசா வேலை செய்யும். ஏற்கெனவே உள்ள இருக்கிற கிருமியை இது விரட்டாது. ஒழுக்கத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல; புருஷன்கிட்ட இருந்தே மனைவிக்கு வரலாம். அதோட, பதினெட்டு ஆகறதுக்குள்ள கல்யாணம் பண்ணி வைக்கிறது நம்ம மாவட்டத்துல இன்னும் நிக்கல. அந்தப் பொண்ணுங்களுக்கு ஆபத்து சீக்கிரமே ஆரம்பிக்குது. ஊசி போட்டாச்சுன்னு அந்தக் கல்யாணத்தைத் தடுக்கிற வேலையை விட்டுட முடியாது.

அடுத்தது பயம். "ஆந்திராவுல புள்ளைங்க செத்துப்போச்சாமே?" ஆமா, 2009-ல் கம்மம் மாவட்டத்துலயும் குஜராத்தின் வதோதராவுலயும் ஒரு ஆய்வுக்காக இந்த ஊசியைப் போட்டாங்க. ஏழு சிறுமிகள் இறந்தாங்க, 2010 ஏப்ரல்ல ஆய்வை நிறுத்தினாங்க. விசாரிச்ச குழு, சாவுக்கும் ஊசிக்கும் தொடர்பு இருக்க வாய்ப்பில்லைன்னு சொன்னது. பாம்புக்கடி, தண்ணீர்ல மூழ்கினது எல்லாம் அந்தக் காரணங்கள்ல இருந்தது. ஆனா வேறொரு தப்பு நிஜமாவே நடந்தது. பெத்தவங்களைக் கேக்காம, பல இடங்கள்ல விடுதி வார்டன்களே ஒப்புதல் படிவத்துல கையெழுத்துப் போட்டாங்க. அதிகமும் பழங்குடிப் பிள்ளைங்க. சித்தேரி மலைப் பக்கத்துல விடுதியில தங்கிப் படிக்கிற பிள்ளைங்களுக்குப் போடும்போது இதை மறக்கக் கூடாதுன்னு நான் நினைக்கிறேன். பெத்தவங்ககிட்டயும் கேக்கணும், அந்தப் பொண்ணுக்கும் புரியிற மாதிரி சொல்லணும்.

பலன் இருக்கான்னா, ஸ்காட்லாந்தைப் பாருங்க. 12, 13 வயசுல முழுசா ஊசி போட்டுக்கிட்ட பொண்ணுங்கள்ல ஒருத்தருக்குக்கூட இந்தப் புற்றுநோய் வரலன்னு 2024-ல் ஆய்வு வெளியிட்டாங்க. மலட்டுத்தன்மை வரும்ங்கிறதுக்கு எந்த ஆதாரமும் இல்ல.

இந்த வயசுக்கு ஒரே டோஸ் போதும்னு 2022-லயே உலக சுகாதார நிறுவனம் சொல்லிடுச்சு. எச்.ஐ.வி. மாதிரி எதிர்ப்புச் சக்தி குறைஞ்ச பிள்ளைகளுக்குக் கூடுதல் டோஸ் வேணும். சாப்பிட்டுட்டுப் போகச் சொல்லுங்க. போட்டதும் கொஞ்ச நேரம் உக்காரட்டும்; இந்த வயசுல ஊசியைப் பாத்தே மயங்கி விழுறவங்க உண்டு. கை வலி, லேசான காய்ச்சல் ஒண்ணு ரெண்டு நாள்ல சரியாயிடும்.

அம்மாக்களே, உங்களுக்கு முப்பது தாண்டிடுச்சா? பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல கருப்பை வாய்ப் பரிசோதனைன்னு கேளுங்க. நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவிப் பாப்பாங்க. சில நிமிஷ வேலை, காசும் கிடையாது.