வில்லும் பனையும்

கோவில்பட்டிக் கரிசற் சீமையில், கோயிற் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டு நிகழும். அதன் பெரிய வில் பெரும்பாலும் பனையால் ஆயது. பனைக்கு உள்ளே சோறு, புறத்தே வயிரம். இவ்வாறு புறத்தே வயிரமுடையவற்றைத் தொல்காப்பியர் புல் என வகுத்தார்.

முதிர்ந்த பனையின் கரிய வயிரத்தைப் பிளந்து, நடுவில் பருத்தும் முனைகளில் சிறுத்தும் வருமாறு செதுக்குவர்; வளைத்துத் தோல் நாண் பூட்டி மணிகளைத் தொங்கவிடுவர். வில்லை மட்குடத்தின்மேல் இருத்தி, வீசுகோலால் நாணை அடித்தால் மணிகள் ஒலிக்கும். குடத்தின் வாயைப் பத்தையால் அறைந்தால், உள்ளிருக்கும் காற்று அதிர்ந்து ஆழ்ந்த ஓசை எழும்.

பனை வயிரங்கொள்ளப் பல்லாண்டுகள் ஆகும். வெட்டிச் சாய்க்க ஒரு நாழிகை போதும். மாவட்ட ஆட்சியர் இசைவின்றிப் பனையை வெட்டலாகாது எனத் தமிழ்நாடு அரசு 2021-இல் அறிவித்தது. மாணவர்களே, ஒரு பனையை வெட்டுமுன் பல விதைகளை ஊன்றுதல் வேண்டும். அப்பொழுதுதான் நாளைய புலவனுக்கும் வில் கிடைக்கும்.