ஓரத்தில் ஒரு கத்திக் கீறல்!

உங்க கால்ல இருக்கிற லெதர் ஷூவைக் கழட்டி ஒரு நிமிஷம் கையில எடுங்க பாஸ். நாத்தம் வந்தா கம்பெனி பொறுப்பில்ல! மேல் பக்கம் சும்மா பளபளன்னு இருக்கா? அந்தப் பளபளப்புக்கு அடியில ஒரு கத்திக் கீறல் ஒளிஞ்சிருக்கலாம்.

இன்ஜினீயரிங் பசங்களுக்குப் பொருட்களோட ஓரம்னாலே அலர்ஜி. இரும்புத் தகட்டை வெட்டினா ஓரத்துல முள்ளு மாதிரி நீட்டிக்கிட்டு நிக்கும், அது ‘பர்’. கான்கிரீட் மூலை சில்லுசில்லாப் பெயர்ந்தா ‘ஸ்பாலிங்’. துணி ஓரம் நூல் நூலாப் பிரிஞ்சா ‘ஃப்ரே’. செமஸ்டருக்கு இதெல்லாம் மனப்பாடம் பண்ணியிருப்போம். ஆனா ஒரு வார்த்தை மட்டும் நம்ம சிலபஸ்ல சிக்கவே சிக்காது. அதைத் தெரிஞ்சுக்க பேரணாம்பட்டு பக்கம் போகணும்.

வேலூர் மாவட்டம், ஆந்திர எல்லையை ஒட்டின ஊர். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைன்னு நீளுற தோல் பெல்ட்ல இதுவும் ஒரு கண்ணி. தோல் பதனிடுற டேனரிகள்தான் இந்த ஊரோட அடையாளம். அங்கே புழங்குற அந்த வார்த்தை... ‘ஃப்ளே கட்’!

‘ஃப்ளே’ன்னா தோலை உரிக்கிறது. உரிக்கும்போது கத்தி தவறி உள்பக்கம், அதாவது சதைப் பக்கம், விழற வெட்டுதான் ஃப்ளே கட். இது ஏன் பெரும்பாலும் ஓரத்துலயே விழுது? ரொம்ப சிம்பிள். ஆட்டையோ மாட்டையோ உரிக்கும்போது கத்தி முதல்ல இறங்கறது வயித்தோட நடுக்கோட்டுலயும் கால்களோட உள்பக்கத்துலயும்தான். தோலை விரிச்சுப் போட்டா அந்தக் கோடுகள்தான் நாலு பக்கமும் ஓரமா வந்து நிக்கும். கத்திக்கு அதிக வேலை அங்கேதான். முதுகுப் பக்கம் வந்துட்டா, கத்தியே இல்லாம இழுத்தும் முஷ்டியால தள்ளியும் உரிச்சுடலாம். போதாக்குறைக்கு, வயித்துப் பக்கம் நார் நெருக்கமில்லாம தளதளன்னு இருக்கும். முதுகுல நெருக்கமாப் பின்னியிருக்கும். ஆக, வீக்கான இடத்துலதான் வெட்டும் விழுது!

மேட்டரே இனிமேதான். இந்த வெட்டு உடனே கண்ணுல படாது. ரத்தம், கொழுப்பு, உப்புன்னு மூடிக்கிடக்கும். ஊறவெச்சு, சுண்ணாம்புல போட்டு முடியை எடுத்து, குரோம்ல பதனிட்டு, நீல நிறத்துல ‘வெட் ப்ளூ’வா வெளியே வரும்போதுதான் குட்டு உடையும். சில சமயம் அதுக்கு அப்புறமும்கூட!

ஒரு குட்டிக் கணக்குப் போடுவோமா? தோல் 4 மி.மீ. தடிமன்னு வெச்சுக்குங்க. சதைப் பக்கத்துல இருந்து 3 மி.மீ. ஆழத்துக்கு வெட்டு. மேல் பக்கம் 1 மி.மீ. சுத்தமா இருக்கு. ஷூவுக்கு 1.2 மி.மீ. வேணும்னு மேல் அடுக்கை மட்டும் பிளந்து எடுத்தா, அதோட அடியில 0.2 மி.மீ. கீறல் மிச்சம் இருக்கும். மேலே இருந்து பார்த்தா அம்சமான தோல். அச்சுல மாட்டி இழுக்கும்போது, தடிமன்ல ஆறுல ஒரு பங்கு இல்லாத அந்த இடம் காட்டிக் கொடுத்துடும்.

விரிசலோட முனை எவ்வளவு கூர்மையோ, அங்கே தகைவு அவ்வளவு எகிறும்னு 1913-லயே இங்லிஸ்ங்கிற இன்ஜினீயர் கணக்குப் போட்டுக் காட்டினார். ஆனா இயற்கையான தோல் இந்த விஷயத்துல கில்லாடி. 2015-ல அமெரிக்க விஞ்ஞானிகள் முயல் தோல்ல வெட்டு போட்டு இழுத்துப் பார்த்தாங்க. வெட்டு கிழிசலா ஓடல. கொலாஜன் நார்கள் நிமிர்ந்து, திரும்பி, வழுக்கி, வெட்டோட முனையையே மழுக்கிடுச்சு! பிரச்னை என்னன்னா, பிளந்து சீவி மெலிசாக்கின பிறகு நார்களோட பின்னலும் குறைஞ்சுபோகுது. கிழியாமலே இருந்தாலும், தழும்பு தெரியற தோலை ஷூவோட முன்பக்கத்துக்கு யார் வைப்பாங்க?

ஷூ கம்பெனியில கட்டிங் டேபிள் முன்னாடி நிக்கிறவர் அதனாலதான் ஜிக்ஸா பஸில் ஆடுறார். முதுகுப் பகுதியில முன்பக்கத் துண்டு, ஓரத்துல நாக்குத் துண்டு மாதிரி கண்ணுக்குத் தெரியாத ஐட்டங்கள். கீறல் விழுந்த இடத்தைத் தள்ளி வெச்சு வெட்டணும். தோல் சதுர அடிக் கணக்குல விலை போற சரக்கு. வீணாப் போற ஒவ்வொரு அங்குலமும் காசு.

காசு மட்டுமா? ஒரு கிலோ பச்சைத் தோலைப் பதனிட சுமார் 30-லருந்து 40 லிட்டர் தண்ணி செலவாகுது. குப்பைக்குப் போற ஓரத்துண்டும் அதே தண்ணியைக் குடிச்சு, அதே குரோமியத்தை ஏத்திக்கிட்டுத்தான் போகுது. இந்த பெல்ட்ல தண்ணின்னா பாலாறு. டேனரிக் கழிவால பாலாறும் கிணறுகளும் பட்ட பாட்டுக்காக ‘வேலூர் குடிமக்கள் நல மன்றம்’ போட்ட வழக்குலதான், 1996 ஆகஸ்ட்ல உச்ச நீதிமன்றம் ‘மாசுபடுத்தறவரே செலவை ஏத்துக்கணும்’னு அழுத்தமாச் சொன்னது. ஃப்ளே கட்டைத் தடுத்துட்டா ஆறு சுத்தமாயிடும்னு ரீல் விடல. ஆனா வேஸ்ட்டாப் போற தோலுக்கும் ஆறு விலை கொடுத்திருக்குல்ல?

இதுக்கு மருந்து? ராக்கெட் சயின்ஸ் இல்லீங்க. கூர் நுனி இல்லாத, வளைஞ்ச உரிகத்தி. ஆரம்பக் கோட்டுக்கு மட்டும் கத்தி, மிச்சத்துக்குக் கை. உரிச்ச சில மணி நேரத்துக்குள்ள உப்பு. அதையும் ஓரத்தை மடக்காம விரிச்சுப் போட்டுத் தடவணும். மடிப்புக்குள்ள உப்பு போகலேன்னா அங்கே அழுக ஆரம்பிச்சுடும். பக்ரீத் மாதிரி நாள்ல ஒரே நேரத்துல ஏகப்பட்ட தோல் குவியும். பழகாத கைகளும் கத்தி பிடிக்கும். அப்போ இந்தச் சின்ன விஷயங்கள்தான் பெரிய வித்தியாசம்.

அப்புறம் ஏன் நடக்கலேன்னு கேட்கறீங்களா? கீறல் விழற இடம் ஒண்ணு, தெரியற இடம் வேற. நல்ல தோலுக்கும் கீறல் தோலுக்கும் ஒரே விலைன்னு லாட்டாக் கை மாறினா, பார்த்துப் பதமா உரிச்சவருக்குக் கூடுதலா அஞ்சு பைசா கிடைக்காது. நஷ்டம் மட்டும் டேனரி, ஷூ கம்பெனின்னு தள்ளித் தள்ளிப் போய் விழும். கத்தியை மாத்தறது சுலபம். நல்லா உரிச்ச கைக்கு நாலு காசு சேர்த்துக் கொடுக்கிற பழக்கம் வந்தாத்தான் கத்தி தானா கவனமா இறங்கும்.

சரி, ஷூவை மாட்டிக்குங்க. அடுத்த தடவை கடையில லெதரைத் தடவிப் பார்க்கும்போது, மேல் பக்கத்தை மட்டும் பார்க்காதீங்க. உள்பக்கம் திருப்பி, ஓரத்தையும் ஒரு லுக் விடுங்க!