ஃப்ரோசன் பட்டாணிக்கு விசில் வேண்டாம்

ஃப்ரோசன் பட்டாணியை வாங்கும்போதே “இதில் என்ன சத்து இருக்கப்போகிறது?” என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. பழியெல்லாம் குளிரின் மேல். உண்மையில் பட்டாணியின் சத்தைக் குறைப்பவை காத்திருப்பும் வெந்நீரும்தான்.

பறித்த கையோடு பட்டாணியின் சர்க்கரை மாவுச்சத்தாக மாறத் தொடங்கிவிடும். லாரி ஏறி, மண்டியில் கிடந்து, நம் தெருக் கடைக்கு வருவதற்குள் தித்திப்பு போய்விடுகிறது. வைட்டமின் சியும் கூடவே குறைகிறது. ஆலைக்குப் போகும் பட்டாணிக்கு இந்த அலைச்சல் குறைவு. உரித்ததும் கொதிக்கும் நீரிலோ ஆவியிலோ ஓரிரு நிமிடம் காட்டி, உடனே ஆறவைக்கிறார்கள். இது பிளாஞ்சிங். நிறத்தையும் மணத்தையும் கெடுக்கும் நொதிகளைக் குளிர் மந்தமாக்கும், அவ்வளவுதான்; முடக்குவதற்குச் சூடு வேண்டும். தண்ணீரில் கரையும் வைட்டமின் சியும் ஃபோலேட்டும் இங்கேதான் ஓரளவு போகின்றன. புரதமும் நார்ச்சத்தும் அநேகமாக அப்படியே நிற்கும்.

அடுத்து உறையவைத்தல். மைனஸ் 30 டிகிரிக்கும் கீழான காற்று அடியிலிருந்து வீச, பட்டாணிகள் துள்ளித் துள்ளித் தனித்தனியாக உறைகின்றன. இதில் வேகம்தான் முக்கியம். மெதுவாக உறைந்தால் பெரிய பனிப்படிகங்கள் வளர்ந்து செல்களைக் கிழித்துவிடும். 1910களில், இன்று கனடாவைச் சேர்ந்த லாப்ரடாரில் இருந்த கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ, இன்யூட் மக்கள் பிடித்த மீன் கடுங்குளிரில் சட்டென்று உறைவதையும், பிறகு சமைத்தால் புது மீன் போலவே இருப்பதையும் பார்த்தார். அவர் உருவாக்கிய முறையில் உறைந்த பட்டாணி, 1930இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் கடைகளுக்கு வந்தது.

கடையில் பாக்கெட்டை அழுத்திப் பாருங்கள். மணிமணியாக உருண்டால் நல்லது. ஒரே கட்டியாக இருந்தால் வழியில் உருகி மறுபடி உறைந்திருக்க வாய்ப்பு அதிகம்.

சமையலில் நினைவில் வைக்க வேண்டியது, இது பாதி வெந்த காய் என்பதை. குக்கரில் விசில் விட்டால் பச்சை நிறம் மங்கிக் குழைந்துபோகும். குருமா கொதித்து மசாலா வாசனை அடங்கிய பிறகு நேராக ஃப்ரீசரிலிருந்து கொட்டி, மறுபடி கொதி வந்து ஐந்து நிமிடத்தில் இறக்கலாம். பொரியலென்றால் சட்டி நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், மூடக் கூடாது; மூடினால் தண்ணீர் விட்டுக்கொண்டு கொழகொழவென்றாகும்.

நீண்ட மின்வெட்டில் பாக்கெட் உருகிவிட்டால், சில்லென்று இருக்கும்போதே சமைத்துவிடுங்கள். வீட்டு ஃப்ரீசர் மெதுவாகத்தான் உறையவைக்கும்; திரும்ப வைத்தால் அடுத்த முறை கிடைப்பது தொளதொளத்த பட்டாணிதான்.